ஆயுள் தண்டனையும் ஒரு கைதியின் கணக்கும்

ஆயுள் தண்டனை என்றால் பதினான்கு ஆண்டுச் சிறைவாசந்தான் என்ற எண்ணம் நம் நாட்டு மக்களிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. திண்ணையில் அமர்ந்து வழக்குப் பேசுகிறவர் முதல், சினிமாவில் கதாநாயகனைச் சிறையிலிருந்து நரைத்த தலையோடு வெளியே கொண்டுவரும் கதாசிரியர் வரையில், எல்லோரும் இந்தக் கணக்கையே மெய்யென்று கொண்டு பேசிவருகிறார்கள். ஆனால் கொலைக் குற்றத்துக்கு விதிக்கப்படும் ஆயுள் தண்டனை இத்தனை ஆண்டோடு தானாக முடிவடையும் என்று சொல்லும் வாசகம் நம் தண்டனைச் சட்டத்தில் எங்குமே கிடையாது. தண்டனை பெற்றவர் உயிரோடிருக்கும் வரையில் தண்டனையும் இருக்கும் என்பதுதான் சட்டத்தின் கொள்கை. அந்தக் கொள்கையைச் சந்தேகத்துக்கு இடமில்லாத முறையில் சுப்ரீம் கோர்ட்டு வரையறுத்துச் சொன்னது 1961ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் தேதியன்று. அப்படிச் சொல்ல நேர்ந்ததோ, மகாத்மா காந்தியின் கொலை வழக்கில் தண்டிக்கப்பட்டு நாசிக் ரோடு மத்தியச் சிறையில் இருந்த கோபால் விநாயக் கோட்ஸே என்ற ஆயுள் கைதி தம்மை விடுவிக்கக் கோரித் தொடுத்த மனுவினால். தேசம் மறக்க முடியாத ஒரு பாதகத்தில் பங்கு கொண்டவருக்குச் சொல்லப்பட்ட பதிலே, இன்று இந்தியச் சிறைகளில் பெயர் அறியப்படாமல் வாழும் ஒவ்வோர் ஆயுள் கைதிக்கும் சொல்லப்பட்ட பதிலாக நின்றுவிட்டபடியால், அந்த மனுவின் வரலாற்றையும் அதன் பின்விளைவுகளையும் சற்று விரிவாக ஆராய்வது பயனுள்ள காரியமாகும்.

காந்தியடிகள் 1948 ஜனவரி 30ஆம் தேதி மாலை பிர்லா மாளிகையின் பிரார்த்தனை மைதானத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பத்து நாள் முன்பு, ஜனவரி 20ஆம் தேதி, அதே இடத்தில் ஒரு வெடி வெடித்து முதல் முயற்சி தோற்றுப்போயிருந்தது. நாதுராம் கோட்ஸேயின் தம்பியாகிய கோபால் அந்த முதல் முயற்சிக்காக டில்லிக்கு வந்திருந்தவர். 30ஆம் தேதியன்று அவர் டில்லியில் இல்லை. செங்கோட்டையில் விசேஷ நீதிபதி ஆத்மசரண் முன்னிலையில் நடந்த நீண்ட விசாரணையின் முடிவில், 1949 பிப்ரவரி 10ஆம் தேதி தீர்ப்பு வழங்கப்பட்டது. குற்றஞ்சாட்டப்பட்ட எண்மரில் சாவர்க்கர் விடுவிக்கப்பட்டார். நாதுராம் கோட்ஸேக்கும் நாராயண் ஆப்தேக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. விஷ்ணு கர்க்கரே, மதன்லால் பஹ்வா, கோபால் கோட்ஸே, சங்கர் கிஸ்டய்யா, குவாலியரைச் சேர்ந்த டாக்டர் தத்தாத்ரேய பர்ச்சுரே ஆகிய ஐவரும் அந்நாளில் தீவாந்தர சிக்ஷை என்று வழங்கிய ஆயுள் தண்டனைக்கு ஆளானார்கள். இவர்களுள் சங்கர் கிஸ்டய்யா, அப்ரூவராக மாறிய திகம்பர் பட்கே என்பவரின் வேலைக்காரர். அவருடைய தண்டனையை ஏழாண்டாகக் குறைக்கலாமென்று விசேஷ நீதிபதியே சர்க்காருக்குச் சிபாரிசு செய்திருந்தார்.

தண்டிக்கப்பட்டவர்கள் அனைவரும் அப்பீல் செய்தார்கள். பிரிவினையில் லாகூரை இழந்து சிம்லாவில் பீட்டர்ஹாஃப் மாளிகையில் இயங்கிவந்த கிழக்குப் பஞ்சாப் ஹைகோர்ட்டில், பண்டாரி, அச்ரு ராம், கோஸ்லா என்ற மூன்று நீதிபதிகள் 1949 மே மாதத் தொடக்கத்திலிருந்து வாதங்களைக் கேட்டார்கள். கொலை செய்ததாகத் தம்மைக் குற்றவாளியாக்கியதை நாதுராம் கோட்ஸே எதிர்க்கவில்லை. சதி நடந்ததென்ற முடிவை மட்டுமே எதிர்த்துத் தாமே நின்று வாதாடினார். அந்தப் பேச்சைக் கேட்டுக் கூடியிருந்தோர் நெகிழ்ந்துபோனதையும், தீர்ப்பை அன்றைய சபையோர் கையில் விட்டிருந்தால் பெரும்பான்மையோர் குற்றமற்றவரென்றே சொல்லியிருப்பார்கள் என்று தமக்குத் தோன்றியதையும் நீதிபதி கோஸ்லா பிற்காலத்தில் தாம் எழுதிய நூலில் குறிப்பிட்டிருக்கிறார். நீதிபதிகள் சபையின் நெகிழ்ச்சிக்கும் இணங்கவில்லை. நீதிமன்றத்துக்கு வெளியே தேசமெங்கும் மூண்டிருந்த கோபத்துக்கும் இணங்கவில்லை. ஜூன் 21ஆம் தேதி அவர்கள் வெளியிட்ட தீர்ப்பில் இரண்டு மரண தண்டனைகளும் மூன்று ஆயுள் தண்டனைகளும் ஊர்ஜிதம் செய்யப்பட்டன. பர்ச்சுரேயும் சங்கர் கிஸ்டய்யாவும் விடுதலை பெற்றார்கள்.

ஆயுள் தண்டனை பெற்ற ஐவரில் இருவர் அப்பீலில் விடுதலையானார்கள் என்ற இந்த விவரத்தை நாம் எளிதாகக் கடந்துபோய்விடக் கூடாது. சுதந்திர இந்தியாவில் வேறெந்த வழக்கிலும் மக்களின் ஆத்திரம் இவ்வளவு உச்சத்தில் இருந்ததில்லை; சாட்சியங்களைச் சேகரிக்க ராஜாங்கம் தன் சக்தி முழுவதையும் செலவிட்டது; கீழ்க்கோர்ட்டு மாதக்கணக்காக விசாரித்தது. அப்படியிருந்தும், ஐவர் மீது சுமத்தப்பட்ட ஆயுள் தண்டனைகளில் இரண்டு மேல்கோர்ட்டின் பரிசீலனையில் நிலைக்கவில்லை. இத்தனை கவனத்தோடு நடந்த வழக்கின் நிலையே இதுவானால், ஏதோ ஒரு ஜில்லாவின் செஷன்ஸ் கோர்ட்டில் வக்கீலுக்குச் சரிவரப் பணம் கொடுக்கவும் இயலாத ஓர் ஏழையின் மீது வந்துவிழும் ஆயுள் தண்டனைக்கு அப்பீல் எவ்வளவு இன்றியமையாதது என்பதை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கொலைக் குற்றத்தில் தண்டனை பெற்றவர் ஹைகோர்ட்டுக்கு அப்பீல் செய்வது யாரோ மனமிரங்கி அளிக்கும் சலுகையன்று. சட்டம் அவருக்கு அளித்த உரிமை. சிறையிலிருந்தபடியே, சிறை அதிகாரியின் கையில் மனுவைக் கொடுத்து, அதன் வாயிலாகவும் அவர் அந்த உரிமையைப் பிரயோகிக்கலாம்.

ஆயினும், குற்றம் செய்தாரா இல்லையா என்ற கேள்வி ஹைகோர்ட்டிலும் அதற்கு மேலும் தீர்ந்துபோன பிறகு, ஆயுள் கைதியின் வாழ்வில் மற்றொரு கேள்வி எழுகிறது. பத்தாண்டுத் தண்டனை பெற்றவருக்கு விடுதலை நாள் அவருடைய சிறைச் சீட்டிலேயே எழுதப்பட்டிருக்கும். ஆயுள் கைதிக்கு அப்படியொரு நாள் இல்லை. ஆகவே அவருடைய இரண்டாவது வழக்கு காலத்தைப் பற்றிய வழக்காகிறது. எப்போது விடுவார்கள், யார் விடுவார்கள், விடும்படி கேட்க எனக்கு உரிமை உண்டா என்பவையே அதன் பிரச்னைகள். இக்கேள்வியோடு நீதிமன்றம் ஏறிய முதல் மனிதர் கோபால் கோட்ஸே அல்லர். பகத்சிங்கின் தோழர்களில் ஒருவரும், லாகூர் சதி வழக்கில் 1930இல் தீவாந்தர சிக்ஷை பெற்றவருமான பண்டிட் கிஷோரி லால், தம் தண்டனைக் காலம் முடிந்துவிட்டதென்று வாதித்த வழக்கு 1940களின் நடுவில் லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. தீவாந்தர சிக்ஷை பெற்றவரைக் கடல் கடந்து அனுப்பாமல் உள்நாட்டுச் சிறையிலேயே வைத்திருப்பது சட்டபூர்வமானதுதான் என்று பிரிவி கவுன்சில் கூறியது; தண்டனையை இருபதாண்டாகக் கொண்டாலும் அவர் விடுதலைக்கு உரியவராகவில்லை என்றும், இவ்வாறு சொல்வதனால் ஆயுள் தண்டனை எப்போதும் இருபதாண்டே என்று தாங்கள் ஒப்புக்கொண்டதாக எவரும் கருதவேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னது. தேச விடுதலைக்காகச் சிறை புகுந்தவரும் தேசப் பிதாவைக் கொல்லச் சதி செய்தவரும் ஒரே சட்டக் கேள்வியின் இரு முனைகளில் நிற்பதைக் காணும்போது, சட்டத்தின் வினாக்கள் வினவுகிறவரின் தராதரத்தைப் பொறுத்தவை அல்ல என்பது நன்கு புலனாகிறது.

கோபால் கோட்ஸே பஞ்சாப் சிறைகளில் சில காலம் இருந்து, 1950 மே மாதத்தில் நாசிக் ரோடு சிறைக்கு மாற்றப்பட்டார். சிறைவாசிகள் ‘ரிமிஷன்’ என்று சொல்லும் தண்டனைக் கழிவு, நன்னடத்தைக்காகவும் வேலைக்காகவும் நாள்கணக்கில் வரவு வைக்கப்படுவது. 1960 செப்டம்பர் 30ஆம் தேதி வரையில் அவர் பெயரில் ஏறியிருந்த வரவு நீதிமன்றத்தின் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. சாதாரணக் கழிவு 836 நாள். விசேஷக் கழிவு 206 நாள். தேகப்பயிற்சிக்காக 113 நாள். எழுத்தறிவுக்காக 108 நாள். ஆண்டுதோறும் நன்னடத்தைக்காக 250 நாள். ராஜாங்கம் அளித்த கழிவு 1,380 நாள். ஆக மொத்தம் 2,893 நாள். ஏறக்குறைய எட்டு ஆண்டுக்குச் சமமான இந்தத் தொகையை உள்ளபடியே சிறையில் கழித்த காலத்தோடு கூட்டினால் இருபதாண்டுக்கு மேலாகிறது என்பது அவருடைய கணக்கு. ராஜாங்கக் கழிவை மட்டும் கூட்டினாலும், பம்பாய்ச் சிறை விதிகள் கழிவைக் கணக்கிடுவதற்காக ஆயுள் தண்டனைக்குச் சமமாக வைத்திருந்த பதினைந்தாண்டு நிறைந்துவிடுகிறது என்பது அவருடைய மாற்றுக் கணக்கு. ஆகவே இனியும் தம்மைச் சிறையில் வைத்திருப்பது சட்டவிரோதம் என்று கூறி, அரசியல் சாசனத்தின் 32ஆவது ஷரத்தின்படி சுப்ரீம் கோர்ட்டை அணுகினார்.

அவருடைய வாதத்துக்கு ஆதாரமாக இருந்தது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 57ஆவது பிரிவு. தண்டனைக் காலங்களின் பின்னங்களைக் கணக்கிடும்போது ஆயுள் தண்டனையை இருபதாண்டுக்குச் சமமாகக் கொள்ளவேண்டும் என்று அந்தப் பிரிவு கூறுகிறது. நீதிபதி சுப்பா ராவ் எழுதிய தீர்ப்பு, இந்த வாதத்தை அதன் இடத்தில் வைத்து அளந்து பார்த்தது. ஒரு குற்றத்தைச் செய்ய முயன்று தோற்றவருக்கு, அக்குற்றத்துக்குரிய ஆயுள் தண்டனையில் பாதியை விதிக்கலாமென்று சட்டத்தின் மற்றொரு பிரிவு சொல்கிறது. ஒரு மனிதன் எத்தனை காலம் வாழ்வான் என்பது யாருக்கும் தெரியாதாகையால் அதில் பாதி எவ்வளவு என்று கணக்கிடவும் வழியில்லை. அதற்காகவே இருபதாண்டு என்ற எண்ணைச் சட்டம் ஏற்படுத்திக்கொண்டது. பின்னக் கணக்குக்காக ஏற்பட்ட அந்த எண், முழுத் தண்டனையின் நீளத்தைச் சுருக்கிவிடாது. 1955இல் பார்லிமெண்டு தீவாந்தர சிக்ஷை என்பதை எடுத்துவிட்டு ஆயுள் சிறை என்பதை வைத்தபோதும், தண்டனையின் காலம் மாறவில்லை. சிறை விதிகளில் பதினைந்தாண்டு என்று காணப்படுவதோ, கழிவைக் கணக்கிடுவதற்கும் எப்போது சர்க்காருக்கு அறிக்கை அனுப்பவேண்டும் என்பதற்கும் உரிய நிர்வாக ஏற்பாடு. நீதிமன்றம் விதித்த தண்டனையை மாற்றும் வல்லமை சிறை விதிகளுக்குக் கிடையாது. ஆகவே அந்நாளைய கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 401ஆவது பிரிவின்படி உரிய சர்க்கார் எஞ்சிய தண்டனையைத் தள்ளுபடி செய்து உத்தரவிட்டாலொழிய, ஆயுள் கைதி இயற்கை எய்தும் வரையில் சிறையிலேயே இருக்கவேண்டியவர் என்று கூறி மனு தள்ளுபடி செய்யப்பட்டது.

சட்டப் பொருள் என்ற அளவில் இந்தத் தீர்ப்பில் குறை காண்பது கடினம் என்றே நான் கருதுகிறேன். 57ஆவது பிரிவின் வாசகத்தை நேர்மையாகப் படிக்கிற எவரும் வேறு முடிவுக்கு வரமுடியாது. ஆனால் தண்டனைத் தள்ளுபடி முற்றிலும் சர்க்காரின் அதிகாரத்துக்கு உட்பட்ட விஷயம் என்று சொல்லிவிட்டு அதற்கு அப்பால் போகாமல் தீர்ப்பு நின்றுவிட்டது. சர்க்கார் எந்த நியதிப்படி முடிவு செய்யவேண்டும், மறுத்தால் காரணம் சொல்லவேண்டுமா, எத்தனை காலத்துக்குள் பதில் தரவேண்டும் என்பவை அன்று நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட கேள்விகள் அல்லவாகையால் அவற்றுக்கு விடையும் பிறக்கவில்லை. விளைவு என்னவென்றால், சிறைக்கதவின் சாவி நீதிபதியின் கையிலிருந்து மந்திரியின் கைக்கு மாறியது. அவர் அதை எப்படித் திருப்புவார் என்று கேட்கும் வழி மட்டும் பல ஆண்டுகள் வரையில் திறக்கப்படவேயில்லை.

அந்த அதிகாரம் எப்படிப் பிரயோகமாகும் என்பதைக் கோபால் கோட்ஸேயின் பிற்காலமே காட்டிக்கொடுத்தது. 1964 அக்டோபரில் மகாராஷ்டிர அரசு அவரையும் கர்க்கரேயையும் பஹ்வாவையும் விடுதலை செய்தது. அடுத்த மாதம் புனாவில் அந்த விடுதலையைக் கொண்டாடிய கூட்டமொன்றில், கொலைத் திட்டத்தைத் தாம் முன்பே அறிந்திருந்ததாக ஒரு பத்திரிகை ஆசிரியர் பேசியது பெருங்கொந்தளிப்பை உண்டாக்கிற்று. இந்தியப் பாதுகாப்பு விதிகளின்படி கோபால் கோட்ஸே மறுபடியும் காவலில் வைக்கப்பட்டு, 1965இல்தான் வெளியே வந்தார். அந்தக் கொந்தளிப்பின் பயனாகவே காந்தி கொலைச் சதியை மீண்டும் ஆராய கபூர் கமிஷன் அமைந்தது. காரணம் எதையும் வெளியிடாமல் விடுதலை செய்யும் அதிகாரம், மக்களின் சினம் மூண்டவுடன் தன்னைத்தானே காத்துக்கொள்ள இயலாமற்போவதை அன்று தேசம் கண்டது.

1978இல் பார்லிமெண்டு நடைமுறைச் சட்டத்தில் 433-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. மரண தண்டனையும் விதிக்கத்தக்க குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்றவர், கழிவுகள் எத்தனை சேர்ந்திருந்தாலும், மெய்யாகவே பதினான்கு ஆண்டைச் சிறையில் கழிக்காமல் விடுவிக்கப்படலாகாது என்று அது விதித்தது. பதினான்கு ஆண்டில் ஆயுள் தண்டனை முடிகிறது என்ற மக்கள் நம்பிக்கையை வலுப்படுத்தியது இதுவே. சட்டம் சொன்னதோ, அதற்கு முன் விடக்கூடாது என்பதை மட்டுந்தான். இதை எதிர்த்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆயுள் கைதிகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். மாரு ராம் வழக்கென்று பெயர் பெற்ற அதில், 1980 நவம்பரில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, புதிய பிரிவு செல்லுமென்று கூறி, கோட்ஸே வழக்கின் முடிவையும் உறுதி செய்தது. ஆயினும் அப்பிரிவு அமலுக்கு வருவதற்கு முன் தண்டிக்கப்பட்டவர்களை அது கட்டுப்படுத்தாதென்றும், ஜனாதிபதிக்கும் கவர்னருக்கும் சாசனம் அளித்த மன்னிப்பு அதிகாரத்தை எந்தச் சட்டமும் குறைக்காதென்றும், அந்த உயர்ந்த அதிகாரத்தையும் மனம்போனபடி பிரயோகிக்கலாகாதென்றும் கூறியது. அண்ணா நூற்றாண்டு, எம்.ஜி.ஆர். நூற்றாண்டு போன்ற தருணங்களில் தமிழ்நாட்டு அரசு ஆயுள் கைதிகளைத் தொகுதியாக விடுவிக்க முடிந்ததற்கு இடமளித்தது கவர்னருக்குரிய இந்த அதிகாரமே.

காரணத்தைத் தேடும் முயற்சி அதன் பிறகே மெல்ல மெல்ல உருவாயிற்று. 2000இல் லட்சுமண் நஸ்கர் வழக்கில், முன்விடுதலை கோருபவரின் குற்றம் சமூகத்தை விரிவாகப் பாதித்ததா, அது மறுபடி நிகழக்கூடுமா, குற்றம் செய்யும் சக்தி அவரிடம் எஞ்சியிருக்கிறதா, மேலும் சிறையில் வைப்பதனால் பயனுண்டா, குடும்பத்தின் நிலைமை என்ன என்ற ஐந்தையும் அரசு சீர்தூக்க வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு வகுத்தது. மறுபுறம், ஆயுள் தண்டனை பதினான்கு ஆண்டாகச் சுருங்கிப்போகிறது என்ற கவலையில், மரண தண்டனைக்குப் பதிலாகக் குறித்த ஆண்டுகள் வரையிலோ வாழ்நாள் முழுவதுமோ விடுதலையே கூடாதென்று நிபந்தனையிடும் வழக்கத்தை 2008இல் சிரத்தானந்தா வழக்கு தொடங்கிவைத்தது. ராஜீவ் காந்தி கொலை வழக்கின் கைதிகளைத் தமிழ்நாட்டு அரசு விடுவிக்க முனைந்ததிலிருந்து எழுந்த ஸ்ரீஹரன் வழக்கில், 2015 டிசம்பரில் ஐந்து நீதிபதிகளில் மூவர் அந்த வழக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள், இருவர் மறுத்தார்கள். மறுத்தவர்களின் பக்கமே நியாயம் மிகுதி என்பது என் அபிப்பிராயம். இருபதாண்டுக்குப் பின் ஒரு மனிதன் எத்தகையவனாக இருப்பான் என்பதைத் தண்டனை விதிக்கும் நாளில் எந்த நீதிபதியாலும் அறிய முடியாது. அறிய முடியாததைப் பற்றி முன்கூட்டியே கதவடைப்பது, முன்விடுதலை என்ற ஏற்பாட்டின் அடிப்படையையே மறுப்பதாகும்.

அதே ராஜீவ் கொலை வழக்கு, தாமதம் என்ற மற்றொரு கேட்டையும் வெளிப்படுத்திற்று. அவ்வழக்கின் கைதிகளில் ஒருவரான பேரறிவாளனை விடுவிக்கலாமென்று மாநில மந்திரிசபை 2018 செப்டம்பரில் கவர்னருக்குச் சிபாரிசு செய்தது. கவர்னர் இரண்டாண்டுக்கு மேல் முடிவு செய்யாமல் வைத்திருந்து, பிறகு ஜனாதிபதிக்கு அனுப்பினார். மந்திரிசபையின் ஆலோசனை கவர்னரைக் கட்டுப்படுத்துமென்றும், காரணமற்ற தாமதத்தை நீதிமன்றம் பரிசீலிக்கலாமென்றும் கூறி, சாசனத்தின் 142ஆவது ஷரத்தின்படி சுப்ரீம் கோர்ட்டு தானே அவரை 2022 மே 18ஆம் தேதி விடுதலை செய்தது. இதற்கு எதிரான உதாரணமும் உண்டு. 2002 குஜராத் கலவரத்தில் கொலைகளும் கூட்டு வன்கொடுமையும் புரிந்து ஆயுள் தண்டனை பெற்ற 11 பேரை அம்மாநில அரசு 2022 சுதந்திர தினத்தன்று விடுவித்தபோது, பாதிக்கப்பட்ட பெண்மணியே நீதிமன்றத்தை நாடினார்; வழக்கு விசாரிக்கப்பட்ட மகாராஷ்டிரத்துக்கே அந்த அதிகாரம் உண்டென்று 2024 ஜனவரி 8ஆம் தேதி தீர்ப்பளித்த சுப்ரீம் கோர்ட்டு, 11 பேரும் இரண்டு வாரத்துக்குள் சிறைக்குத் திரும்பவேண்டுமென்று உத்தரவிட்டது. 1961இல் கைதிக்கும் சர்க்காருக்கும் மட்டுமே உரியதாகத் தோன்றிய வழக்கில், குற்றத்துக்கு இரையானவரின் குரலுக்கும் இடமுண்டு என்பது இதனால் நிலைநாட்டப்பட்டது. கைதியை அடைத்துவைக்கும் முடிவுக்குக் காரணம் கேட்பவர்கள், அவரை விடுவிக்கும் முடிவுக்கும் காரணம் கேட்கக் கடமைப்பட்டவர்கள்.

2024 ஜூலை 1ஆம் தேதி முதல் பழைய தண்டனைச் சட்டம் போய்ப் பாரதிய நியாய சம்ஹிதை அமலில் இருக்கிறது. கோபால் கோட்ஸே ஆதாரமாகக் காட்டிய 57ஆவது பிரிவு, அதே இருபதாண்டுக் கணக்கோடு அதில் 6ஆவது பிரிவாக அமர்ந்திருக்கிறது. 2013இல் பாலியல் வன்கொடுமைக் குற்றங்களுக்கான பிரிவுகளைத் திருத்தியபோது, ஆயுள் தண்டனை என்பது இயற்கையான வாழ்நாளின் எஞ்சிய காலம் முழுவதையும் குறிக்கும் என்று சட்டம் வெளிப்படையாக எழுதிக்கொண்டது. கொலைக்குத் தண்டனை கூறும் 103ஆவது பிரிவில் அந்த வாசகம் இன்றளவும் இல்லை. ஒரே சட்டத்தில் ஓரிடத்தில் எழுதி மற்றோரிடத்தில் எழுதாமல் விட்டால், எழுதாத இடத்தில் வேறு பொருள் இருக்கக்கூடும் என்று ஒரு கைதி நம்புவதற்கு நாமே இடங்கொடுக்கிறோம். அறுபது ஆண்டுகளுக்கு முன் முடிவுற்ற கேள்வியை ஒவ்வொரு சிறையிலும் ஒவ்வொருவரும் புதிதாகக் கணக்கிட்டு, புதிய மனு எழுதி, பழைய பதிலையே பெறுவது நீதிக்கும் அழகன்று, கருணைக்கும் அழகன்று. பார்லிமெண்டு கொலைக்குரிய பிரிவில் தண்டனையின் காலத்தைத் தெளிவாக எழுதவேண்டும். பதினான்கு ஆண்டு நிறைந்த ஒவ்வோர் ஆயுள் கைதியின் முன்விடுதலை விண்ணப்பத்துக்கும், அவரால் பாதிக்கப்பட்ட குடும்பத்தைக் கேட்டு, குறித்த காலத்துக்குள், காரணங்களை எழுத்தில் காட்டி, மாநில அரசுகள் பதில் தரவேண்டுமென்று சட்டமே கட்டளையிட வேண்டும்.